எனக்குக் கரிக்கல

அந்தப் பையத் தள்ளி வச்சிட்டு உக்காருங்கக்கா. பெஞ்சு என்ன எங்கய்யா வாங்கிப் போட்டதா? கவர்மெண்டு பெஞ்சுதான, உக்காருங்க. நானும் உள்ள இருக்க வேண்டியவதான். வெளிய தள்ளிக் கதவச் சாத்திட்டாவ. ஒரு பிள்ளைக்கு ஒரு ஆளுதானாம். சட்டமாம்! நேத்து வரைக்கும் இல்லாத சட்டம் இன்னைக்குக் காலையில எங்க இருந்து மொளச்சுதுன்னு தெரியல. அந்தக் கண்ணாடி போட்ட நர்சு இருக்கால்லா, அவ பண்ணுன வேல. பேதில போவா... சே, சே. வாயில வந்துட்டு பாருங்க. எங்க பக்கம் அப்படித்தான் வையிவோம், வாய் பழகிப் போச்சு. உள்ள ஒரு பச்சப் பிள்ள அதே சீக்குல கெடக்கும்போது அந்த வார்த்த வரலாமா? வரக்கூடாது. ஆனா வருது. அம்புட்டு எரிச்சலு எனக்கு.

யாரு பிள்ளையா? எந்தம்பி மவன். லிங்கதுரைன்னு எந்தம்பி, உப்பளத்துல மோட்டார் ஓட்டுதான். நான் பிள்ளைக்கு அத்த. தங்கபுஷ்பம்னு பேரு. தூத்துக்குடிக்கு இந்தப் பக்கம், ரோட்டுல பஸ்ஸுல வரும்போது ரெண்டு பக்கமும் வெள்ள வெளேர்னு உப்பு குமிச்சுக் கெடக்கும் பாத்திருப்பிய. அதுக்கு நடுவுல உள்ள ஊரு. இப்ப உள்ள பிள்ளையோட இருக்கது பெத்தவ, பொன்செல்வி. அம்மான்னா உள்ள, அத்தைன்னா வெளிய. இருக்கட்டும். நல்லா இருக்கட்டும்.

என்ன செய்யுதா பிள்ளைக்கு? வயித்தால போய் வத்திப் போயிட்டான்க்கா. முந்தாநாளு கொண்டாந்தோம். வயித்தால போனது நின்னுட்டு, அது பரவாயில்ல. இப்ப குடிக்க மாட்டேங்கான். அதான் பாடு. கால்ல குளுக்கோசு ஏத்துனாவ. நரம்பு நிக்க மாட்டேங்குன்னு மாத்தி மாத்திக் குத்திட்டாவ, பிஞ்சுக் காலு வீங்கிப் போய்க் கெடக்கு. இனிமே வாயால குடிக்கணும்னு டாக்டரம்மா சொல்லிட்டாவ. பைய பைய, கொஞ்சம் கொஞ்சமா, ஆனா குடிச்சே ஆவணும். சாயங்காலத்துக்குள்ள வாயால எறங்கலன்னா திருநவேலி பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்துருவோம்னுட்டாவ. அவன் என்னடான்னா கரண்டியக் கண்டாலே வாய இறுக்கிக்கிடுதான். தாய்ப்பாலு மட்டும் கொஞ்சம் சப்புதான், அவளுக்கு இருக்கதே அரைக்கால்வாசி, அது எப்படிக் காணும்? தம்ளரக் கொண்டு போனா மொகத்தத் திருப்புதான், கையால தட்டுதான். ஒம்பது மாசப் பிள்ளைக்கு அம்புட்டு வைராக்கியம்.

அவனக் குடிக்க வைக்க என்னைய விட்டா ஆளு கெடையாதுக்கா. பீத்திக்கிடுதேன்னு நெனைக்காதிய. அவன் அம்மா துணிக்கடைக்கு வேலைக்குப் போறவ. காலையில போனா ராத்திரிதான் வருவா, நிக்கதுக்குத்தான் சம்பளம் அங்க. பிள்ளைக்கு நாலு மாசம் ஆனதும் கெளம்பிட்டா. யாரு பாக்கது? நான் பாத்தேன். இந்த வருசம் உப்பு வார நான் போவலக்கா. சின்னப் பிள்ளையில அளத்துக்குள்ள கால வச்சவ, இதுவரைக்கும் ஒரு சீசன் விட்டதில்ல. கங்காணி வீட்டுக்கே வந்து கேட்டான், 'என்ன தங்கபுஷ்பம், வரலையா'ன்னு. எனக்குப் பிள்ள இருக்கு, போய்யான்னு அனுப்பிட்டேன். 

ஆமா, எனக்குப் பிள்ள இருக்குன்னுதான் சொன்னேன். அதுல என்ன தப்பு? எனக்கு ஒண்ணு பொறக்கலன்னுதான ஒருத்தன் என்னையத் திருப்பி அனுப்பினான். அந்தக் கத வேண்டாம், இப்ப அதுக்கு நேரமில்ல.

இந்தக் கோடையில எங்க ஊருல ஒரு கைப்பிள்ளைய வச்சிருக்கதுன்னா சும்மாவா? நெழலு கெடையாது, மரங் கெடையாது. மேல இருந்து ஒரு வெயிலு, உப்புல பட்டுத் திரும்பி வார வெயிலு ஒண்ணு. குடிதண்ணி லாரியில வரணும். பிள்ளைக்கு நாக்கு வரளாமப் பாக்கணும், உதட்டப் பாக்கணும், ஒண்ணுக்குப் போறானான்னு துணியப் பாக்கணும். மோரு தெளிவு, கேப்பக் கஞ்சித் தண்ணி, எளநீரு, ஆத்துன வெந்நின்னு மாத்தி மாத்திக் குடுத்துக்கிட்டே இருக்கணும். கரண்டியக் கொண்டு போய் வாயில திணிச்சா எந்தப் பிள்ளையும் குடிக்காது. அதுக்கு ஒரு வழி இருக்கு. நான் மொதல்ல ஒரு மடக்குக் குடிப்பேன். குடிச்சிட்டுக் கண்ண மூடி, நாக்கச் சப்புக் கொட்டி, 'ஆஆ'ம்பேன். அவன் என் வாயையே பாப்பான். பாத்துட்டுச் சிரிப்பான். சிரிச்சிட்டு அவனும் ஆன்னு தொறப்பான். அம்புட்டுதான், உள்ள விட்டுறலாம். பொறவு ஒரு மடக்கு நான், ஒரு மடக்கு அவன். இந்தக் கோடை பூரா அப்படித்தான் ஓட்டுனோம். எதிர்த்த வீட்டுப் பிள்ளைக்கெல்லாம் ஒண்ணுக்குக் கடுத்து, காய்ச்சல் வந்து, இவனுக்கு ஒரு வேர்க்குரு கூட வரல.

பேரா? பேரு என்னமோ வச்சிருக்கா, ரித்திக்கோ ரிக்சாவோ. எங்கய்யா பேரு ஆறுமுகம். பேரனுக்குத் தாத்தா பேர விடுவோம்னு சொன்னேன், சர்டிபிகேட்டுல போடுதோம்னு சொல்லிட்டு அவ மாத்திப் போட்டுட்டா. நான் ஆறுமுகம்னுதான் கூப்பிடுவேன். கூப்பிட்டாத் திரும்பத்தான் செய்யுதான்.

அவ எங்க ஊரு இல்லக்கா. அம்பாசமுத்திரம் பக்கம். வாய்க்கா, வயக்காடு, வாழத்தோப்பு உள்ள ஊரு. வந்த அன்னைக்கே மூக்கப் பிடிச்சா, உப்பளக் காத்து ஒத்துக்கிடலன்னு. கல்யாணம் முடிஞ்ச புதுசுல நான் ஆசையாச் சாளமீன் கொழம்பு வச்சுப் போடுதேன். ஒரு வாய் வச்சா. வச்ச உடனே தண்ணிச் செம்ப எடுத்து மடமடன்னு குடிக்கா. 'மதினி, உப்பு கொஞ்சம் கூடிட்டோ'ங்கா. கூடிட்டோவாம்! எந்தம்பி அதே கொழம்ப ரெண்டு தடவ ஊத்தித் தின்னுட்டு வெரல நக்குதான். எங்கய்யா சாவுத வரைக்கும் என் கைச் சோறுதான் தின்னாரு. பக்கத்து வீட்டுக்காரி எங்கிட்டதான் ரசம் வாங்கிட்டுப் போவா, அவளும் உப்பு வாருதவதான், ஒரு நாள் ஒரு கொற சொன்னதில்ல. இவ ஒருத்தி நாக்குக்குத்தான் கரிக்கு.

பொறவு சொல்லுதத விட்டுட்டா. வாயால சொல்ல மாட்டா, செஞ்சு காட்டுவா. நான் வைக்கதுல கொஞ்சம் தனிச் சட்டியில எடுத்து, வெந்நி ஊத்தி, எளக்கித் தின்னா. பொறவு தனியாவே ஒல வைக்க ஆரம்பிச்சிட்டா. ஒரே வீட்டுல ரெண்டு அடுப்பு! பாக்கவங்க என்ன நெனைப்பாவ? நாத்தனாக்காரி கொடும பண்ணுதான்னுதான நெனைப்பாவ? எனக்கு அது நெஞ்சுல முள்ளு மாதிரிக் கெடக்கு. இப்பவும் கெடக்கு.

சரி, கேளுங்க. ஆடி மாசம் அவ ஊருல அம்மன் கோயில் கொடை. பிள்ளையத் தூக்கிட்டுப் போனா. போவும்போது கல்லு மாதிரி இருந்த பிள்ள. ஆத்துல குளிப்பாட்டுனாளாம், பாக்கவ எல்லாரும் கையில வாங்கி ஆளுக்கொண்ணு வாயில வச்சாவளாம். திரும்பி வந்த மறுநாளு கழிய ஆரம்பிச்சிட்டு. தண்ணி தண்ணியாப் போவுது. 'லீவு போட்டுட்டு வீட்டுல இருட்டி'ன்னேன். ஆடித் தள்ளுபடி நடக்காம், கடையில லீவே கெடையாதாம். கொடைக்கு லீவு கெடைக்கும், பிள்ளைக்கு வயித்தால போனா லீவு கெடைக்காது! அழுதுகிட்டேதான் போனா, அதச் சொல்லணும். ஆனாப் போனா. 'மதினி, நல்லாத் தண்ணி குடுங்க, தண்ணி விட்டுறாதிய'ன்னு வாசல்ல நின்னு சொல்லிட்டுப் போறா. எனக்குச் சொல்லுதா!

நான் பிள்ளையத் தூக்கிட்டு பால்வாடி டீச்சர்ட்ட ஓடுனேன். அந்த உப்புச் சீனிப் பொடி பாக்கெட்டு இருக்கும்லா, அது தீந்துட்டாம், மறுநாளு வந்துருமாம். 'அதுவரைக்கும் வீட்டுலயே கலக்கிக் குடு தங்கபுஷ்பம், வெறும் பச்சத் தண்ணி மட்டும் குடுத்தாப் போதாது'ன்னா. ஒரு லிட்டர் ஆத்துன தண்ணி, ஒரு கைப்பிடி சீனி, மூணு வெரல்ல கிள்ளி எடுத்த உப்பு. 'கலக்கிட்டு நீ ஒரு வாய் நக்கிப் பாரு. கண்ணீரு எம்புட்டு கரிக்குமோ அம்புட்டுதான் இருக்கணும், அதுக்கு மேல போயிறக் கூடாது'ன்னா. நல்லாத்தான் சொன்னா. நானும் நல்லாத்தான் கேட்டுக்கிட்டேன்.

வீட்டுக்கு வந்து கலக்குனேன். எங்க வீட்டுல பொடி உப்பு ஏது? கல்லுப்புதான், அளத்துல இருந்து கொண்டாந்தது, சட்டி நெறைய இருக்கு. இந்தா, இந்த மூணு வெரலாலதான் கிள்ளுனேன். நக்கிப் பாத்தேன். வெறும் சீனித் தண்ணி. கண்ணீரு மாதிரி இருக்கணும்லா? என் கண்ணீரு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? சித்திர வெயில்ல அந்த வெள்ளப் பாத்தியப் பாத்துக்கிட்டே உப்பு வாருனாக் கண்ணு தானாக் கொட்டும். மூஞ்சி பூரா உப்பு பூத்து நிக்கும், அதுல வழிஞ்சு வாயோரமா எறங்கும். அத நக்கிக்கிட்டேதான் வாருவோம். நின்னு தொடைக்க நேரம் ஏது? அந்த ருசி எனக்கு மறக்குமா? அது வரணும்னு இன்னொரு கிள்ளு போட்டேன். வரல. இன்னும் போட்டேன். அந்த ருசி வந்த பொறவுதான் கைய நிறுத்துனேன். அம்புட்டு பாத்துப் பாத்துக் கலக்குனேன்க்கா.

நான் மட்டும் இல்ல. மத்தியானம் சோத்துக்கு வந்த எந்தம்பியும் ஒரு வாய் குடிச்சான். 'எப்படில இருக்கு'ன்னு கேட்டேன். 'சரியாத்தாங்க்கா இருக்கு'ன்னான். அவன் வாயால சொன்னான். குடிச்ச அதே வாயால.

பிள்ளைய மடியில போட்டேன். எப்பவும் போல நான் ஒரு மடக்குக் குடிச்சேன், கண்ண மூடுனேன், 'ஆஆ'ன்னேன். அந்தச் சோர்விலயும் சிரிச்சான்க்கா. சிரிச்சிட்டு வாயத் தொறந்தான். விட்டேன். மொகத்த ஒரு சுளி சுளிச்சான் பாருங்க, அப்படியே அவன் அம்மா மொகம். சாளமீன் கொழம்பு வாயில வச்ச அன்னைக்கு அவ சுளிச்ச அதே மொகம். துப்பிட்டு என்னையப் பாத்தான். எனக்கு ஆத்திரம் பொத்துக்கிட்டு வந்துட்டு. ஏல, நீயுமால? ஒங்கம்மா நாக்குதானா உனக்கும்? எங்க வீட்டு உப்பு உனக்கும் ஆவாதான்னு சொல்லிட்டு, மருந்து ஊத்துத பாலாடையக் கொண்டாந்து, கன்னத்த ஒரு கையால அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, அது மூக்க வாயோரம் வச்சு ஊத்துனேன். பின்ன? மருந்துன்னா அப்படித்தான ஊத்துவோம். விட்டாச் செத்துல்லா போயிருவான்?

கொஞ்சம் துப்புவான், கொஞ்சம் உள்ள போவும். விடாமக் குடுத்தேன். குடுக்கக் குடுக்க இன்னும் அழுதான். தாகம். தண்ணிச் செம்பக் கண்டாத் தவழ்ந்து போறான், அதப் பிடிச்சுக்கிட்டு நக்குதான். வெறும் தண்ணி போதாதுன்னு டீச்சர் சொல்லிருக்கால்லா? செம்ப எடுத்துப் பரண்மேல வச்சிட்டேன். இதத்தான்ல குடிக்கணும் நீன்னு இதயே குடுத்தேன். நாளு பூரா நான் ஒரு வாய் சோறு திங்கல, தெரியுமா? அவன மடிய விட்டு எறக்கல. ராத்திரி அவ வந்து பிள்ளைய வாங்குனா. நெஞ்சுல போட்டா. ஒடம்பு அனலாக் கொதிக்கு, கண்ணு உள்ள போய்க் கெடக்கு, கையும் காலும் வெடுக் வெடுக்குன்னு இழுக்கு. அவ போட்ட சத்தத்துல தெருவே வந்துட்டு.

ஆட்டோ பிடிச்சு இங்க ஓடியாந்தோம். டாக்டரம்மா ரத்தம் எடுத்தாவ. ரத்தத்துல உப்பு ஏறிக் கெடக்குன்னாவ. என்னத்தக் குடுத்தியன்னாவ. நான் எதுக்கு மறைக்கணும்? இந்தா இதத்தான் குடுத்தோம்னு பாட்டில நீட்டுனேன். மிச்சம் இருந்தத வழியில குடுக்கலாம்னு கொண்டாந்திருந்தேம்லா. அந்தக் கண்ணாடிக்காரி நர்சு வாங்கி உள்ளங்கையில ஊத்தி நக்குனா. த்தூன்னு துப்புனா. துப்பிட்டு வார்டே கேக்குத மாதிரிக் கத்துதா: 'யாருமா இதக் கலக்குனது? கடல் தண்ணியவா பிள்ளைக்குக் குடுப்பீங்க? கொல்லப் பாத்தீங்களா?'ன்னு. கொல்லப் பாத்தேனாம்! நான்! கட்டில் கட்டிலா இருந்த பொம்பளையெல்லாம் என்னையத் திரும்பிப் பாக்காளுவ.

எனக்கு நர்சு சொன்னது கூடப் பெருசில்ல. அவ யாரோ. பக்கத்துல நின்னாம்லா எந்தம்பி, அவன் என்ன செய்யணும்? 'நானும் குடிச்சுப் பாத்தேன், எனக்கும் சரியாத்தான் இருந்துச்சு'ன்னு ஒரு வார்த்த சொல்லணுமா வேண்டாமா? தரையப் பாத்துக்கிட்டு நிக்கான். செருப்பப் பாத்துக்கிட்டு நிக்கான். அவனுக்குச் சோறு ஊட்டி வளத்தவ நான். அவன் பொஞ்சாதி, பொன்செல்வி, அவளாவது வையணும்லா? ஏசுனா நானும் நாலு ஏசியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். அவ என்னடான்னா, அழுதுகிட்டே பிள்ளையத் தூக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பி உக்காந்துட்டா. அன்னைல இருந்து எங்கிட்ட ஒரு பேச்சுப் பேசல. முதுகத்தான் பாக்கேன். இன்னைக்குக் காலையில டாக்டரம்மாட்ட நான் கேட்டே புட்டேன், 'கண்ணீரு அளவுன்னு சொன்னா, யாரு கண்ணீரும்மா? அளத்துல வெந்து நிக்கவ கண்ணீரா, ஏசிக் கடையில நிக்கவ கண்ணீரா? அதச் சொல்லித் தந்தாவளா எனக்கு?'ன்னு. அவிய அடுத்த கட்டிலுக்குப் போயிட்டாவ. கண்ணாடிக்காரிதான் கதவச் சாத்துனா.

பொய்யிக்கா, அம்புட்டும் பொய்யி. பெத்தவ வேலைக்குப் போனது தப்பில்ல, ஊரு ஊராத் தூக்கிட்டுப் போனது தப்பில்ல, பாக்கெட்டு இல்லன்னு கைய விரிச்சவ தப்பில்ல. பழி போட ஒருத்தி வேணும், தங்கபுஷ்பம் கெடச்சா. நான் லேசுப்பட்டவ இல்ல. அந்த நர்சு மிச்சத்தக் கீழ ஊத்தப் பாத்தா, நான் பாட்டிலப் பிடுங்கிட்டேன். இந்தா, இந்தப் பையிலதான் வச்சிருக்கேன். நாளைக்கு எவன் கேட்டாலும் காட்டணும்லா? நீங்களே பாருங்க. நீங்க மூணாவது மனுசி, எனக்கும் வேண்டியவ இல்ல, அவளுக்கும் வேண்டியவ இல்ல. ஒரு வாய் குடிச்சிட்டு நியாயத்தச் சொல்லுங்க. சும்மா குடிங்கக்கா, காய்ச்சி ஆத்துன தண்ணிதான். வாய் வைக்காம அண்ணாந்து ஊத்திக்கிடுங்க. ம்.

என்னக்கா? ஏன் துப்புதிய?

அங்கன துப்பாதிய, கூட்டுதவ வந்து வைவா. இந்தாங்க, முந்தானையில தொடைங்க. அப்படி என்ன ஆயிட்டு? கொமட்டுதா? நடிக்காதிய. நீங்க எந்த ஊரு? கோவில்பட்டியா? எங்க வேல பாத்திய? தீப்பெட்டி ஆபீசா? அவ சொந்தக்காரி யாரும் கோவில்பட்டில இருக்காளுவளா? இல்லல்லா? நர்சத் தெரியுமா உங்களுக்கு? தெரியாதுல்லா? பொறவு என்னத்துக்கு இப்படி மொகத்தச் சுளிக்கிய? அவன் சுளிச்ச மாதிரியே சுளிக்கிய.

கொண்டாங்க இங்க. நான் குடிக்கேன், பாருங்க. உங்க கண்ணு முன்னாலயே குடிக்கேன்.

இந்தா. குடிச்சிட்டேன். பாதி பாட்டிலு. சீனி தெரியுது. உப்பு... இருக்கு. இல்லன்னு சொல்லல. இருக்கு, ஓரமா இருக்கு. கரிக்கல. எனக்குக் கரிக்கலக்கா. இன்னொரு மடக்குக் குடிக்கேன். கரிக்கல. சத்தியமாக் கரிக்கல. கையப் பிடிக்காதிய, விடுங்க, எனக்கு ஒண்ணும் ஆவாது. வயசு காலம் பூரா இதத்தான தின்னோம், இதத்தான மூச்சு விட்டோம்.

நீங்க என்னத்துக்குப் பொய் சொல்லப் போறிய.

அப்ப அவ தனி அடுப்பு வச்சது... வெந்நி ஊத்தித் தின்னது... சரி. அத விடுங்க.

வருசா வருசம் அளத்துல கேம்ப் போடுவாவக்கா. காலு வெடிச்சிருக்கான்னு பாப்பாவ, களிம்பு குடுப்பாவ. கண்ணு பூத்துப் போச்சான்னு பாப்பாவ, கறுப்புக் கண்ணாடி குடுப்பாவ. வாயத் தொற, நாக்க நீட்டுன்னு எத்தன தடவ பாத்திருப்பாவ? நாக்குல ருசி இருக்கான்னு எவனாவது ஒருத்தன் கேட்டானா? காலு போவும், கண்ணு போவும், தெரியும். தெரிஞ்சுதான எறங்குனோம். இதும் போவும்னு எவனும் சொல்லலியே. சொல்லியிருந்தா ஒரு பிள்ளைக்குப் போய் நான் நக்கிப் பாத்துக் கலக்குவேனா? அவன் வாயத் தொறந்தாங்க்கா. நான் 'ஆஆ'ன்னேன், அவன் தொறந்தான். நாசமாப் போறவனுவ. கங்காணி நாசமாப் போவ, மொதலாளி நாசமாப் போவ, அவனுவ வீட்டுச் சோத்துல உப்பு இல்லாமப் போவ.

அழல. யாரு அழுதா? வெயிலு.

பொறுங்க, கதவு தொறக்கு. அந்தா வாரா பாருங்க, அவதான் பொன்செல்வி. சேலையப் பாத்தியளா, முந்தாநாளு கட்டுனதோட நிக்கா. இங்கன எதுக்கு வாரா? எங்கிட்டயா வாரா?

என்னட்டி? என்னைய எதுக்கு? என் மொகத்தப் பாக்க மாட்டல்லா, இப்ப என்ன? ...குடிக்க மாட்டேங்கானா? நர்சு குடுத்தும் துப்பிட்டானா? நீ ஒரு மடக்குக் குடிச்சிக் காட்டுனியா? 'ஆஆ'ன்னியா? ...வாசலையே பாக்கானா. என்னையத் தேடுதானா. பிள்ள தேடுனா நான் வரணும், நர்சு வெரட்டுனா நான் போவணும், என்னட்டி நெனச்சிருக்கிய எல்லாருமா? ...டாக்டரம்மாவே சொன்னாவளா? அத்தையக் கூப்பிடுன்னு சொன்னாவளா? கண்ணாடிக்காரி கேட்டுக்கிட்டு நின்னாளா? நல்லாக் கேக்கட்டும்.

தம்ளர்ல என்ன, அந்தப் பொடி கலக்குனதா? யாரு கலக்குனா? அளந்து கலக்குனாளா? பாக்கெட்டப் பிரிச்சு முழுசாக் கொட்டினாளா, அரையா? தண்ணி எம்புட்டு? நீ பக்கத்துல நின்னு பாத்தியா?

கொண்டா இங்க. இல்ல, இரு. எங்கிட்டக் குடுக்காத. நீ மொதல்ல ஒரு வாய் குடி. குடின்னா குடிட்டி, என்னையப் பாத்துக்கிட்டு நிக்காத! நல்லா நாக்குல வச்சுப் பாரு. முழுங்கு. ம். இப்பச் சொல்லு. கரிக்கா, கரிக்கலையா? தலைய ஆட்டாத, வாயத் தொறந்து சொல்லு. எனக்குத் தெரிய மாட்டேங்குட்டி. ஒனக்குத்தான் தெரியும். ஒன் நாக்குக்குச் சரின்னாச் சொல்லு, நான் கொண்டு போய் அவனுக்குக் குடுக்கேன்.